மூன்றாந்தரம்

முத்தையன்கட்டு இடதுகரையில்
வாய்க்கால் தாண்டினால் எங்கள் கொட்டில்.
ஆறு தகரம், அதில் இரண்டு சல்லடை.
சனி இரவுவரை நான்
தொழிற்சாலையில் காற்சட்டைப் பை தைக்கிறவள்.
ஞாயிறு எட்டரைக்கு டீச்சர்.

இன்றைக்குப் பதினேழு பிள்ளைகள்.
பிஸ்கட் பெட்டி வந்த செய்தி
வாய்க்கால் கரையால் முந்திப் போயிருக்கிறது.
பாடம், பேதுரு மறுதலித்தது.
மறுதலிக்கிறது எண்டால் என்ன டீச்சர்?
தெரிஞ்ச ஆளைத் தெரியாது எண்டு சொல்லுறது.
ஓ, என்றார்கள்,
அதுவா.

நடித்துக் காட்டினால் மனதில் நிற்கும் என்று
மாங்குளத்துப் பயிற்சியில் சொன்னவை.
திருநீறு அழியாத நெற்றியோடு கபிலாஷன் பேதுரு.
கோயிலில் பொங்கல் முடித்து இங்கே வருகிறவன்,
தாய்க்கும் தெரியும், போதகருக்கும் தெரியும்.
மூன்று தடியும் ஒரு சிவப்புப் பொலித்தீனும் நெருப்பு.
வேலைக்காரி, றொபின்சியா.
சேவலாக எல்லாருக்கும் விருப்பம்,
கடைசியில் ஏழு சேவல்.

"நீயும் அவரோட இருந்தனிதானே?"
"இல்லை."
"உன்ர கதையே காட்டிக் குடுக்குது, நீ அந்தப் பக்கத்து ஆள்."
கபிலாஷன் சட்டென்று
எங்கோ கேட்டு வைத்த சிங்களத்தில்
இரண்டு சொல் சொன்னான்.
நான் சொல்லிக் கொடுக்காத வசனம் அது.
தகரம் அதிரச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், பாதிவரை.

ஏழு சேவலும் ஓய்ந்த பிறகு
புத்தகத்துக் கேள்வியை வாசித்தேன்:
பேதுரு ஏன் அழுதான்?
விடை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது,
பாவம் செய்தபடியால்.

எமில்ராசன் கை உயர்த்தவில்லை.
பெருவிரலால் மணலைக் கிளறிக்கொண்டு சொன்னான்:
"அவர் செய்தது சரிதானே டீச்சர்.
ஆரும் கேட்டால் தெரியாது எண்டுதான் சொல்ல வேணும்.
அம்மா அப்பிடித்தான் சொல்லித் தந்தவ.
அப்பான்ர பேரைக் கேட்டாலும்."

ஒருவரும் சிரிக்கவில்லை.
பதினேழு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

முள்ளுக்கம்பி. ஒலிபெருக்கி.
ஒரு நாள் இருந்திருந்தாலும் வா என்ற குரல்.
எனக்குப் பதினொரு பேர் முன்னால்
அண்ணாவின் முதுகு.
கொலரில் நான் போட்ட தையல் விட்டிருந்தது,
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
உன்ர ஆளா?
இல்லை.
பேதுருவை அவர் திரும்பிப் பார்த்தாராம்.
அண்ணா திரும்பவில்லை.
கேட்காமல் இருந்திருப்பான்.
கேட்டுத்தான் திரும்பாமல் இருந்திருப்பான்.
அங்கே கூவ ஒரு சேவலும் இல்லை.

பாடப் புத்தகத்தை மூடினேன்.
பிறகு நடந்ததைக் கேளுங்கோ என்றேன்,
அது அடுத்த மாதத்துப் பாடம், இருந்தாலும்.
விடியற் கருக்கல். கரை. கரி நெருப்பு.
அதில் மீன் வேகுது.
ராத்திரி முழுக்க வலை இழுத்த பேதுரு
நனைந்த உடுப்போடு வந்து குந்துகிறான்.
என்னில அன்பிருக்கா என்று கேட்கிறார்.
திரும்பவும் கேட்கிறார்.
மூன்றாந்தரமும்.

"மூண்டு தரம் கேட்டால் அது விசாரணை"
என்றாள் றொபின்சியா.
ஓம், என்றேன்.
ஆனால் இவர் முதல் சாப்பிட வைச்சுப்போட்டுத்தான்
கேட்டவர்.

"என்ன மீன்?" கபிலாஷன்.
எழுதியில்லை.
"சூடை. சுடுறதெண்டால் சூடைதான்."
கடல் எண்டு சொன்னாலும் அது குளம்தான் என்றேன்.
"அப்ப ஜப்பான் மீன்!" என்று கொட்டிலே கத்தியது.
எங்கள் குளத்தில் விழுவதும் அதுதான்.
அதற்குப் பிறகு ஒருவரும்
பேதுருவைப் பற்றிக் கேட்கவில்லை.

பிஸ்கட் ஆளுக்கு மூன்று, றொபின்சியா தம்பிக்கும் கேட்டாள்.
கொப்பிகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.
பேதுரு ஏன் அழுதான் என்பதற்கு நேரே
எமில்ராசன் எழுதியிருந்தான்:
பயத்தில. பிறகு அந்தாளைக் காணேல்லை எண்டு.

சரி போட்டேன்.
மாதக் கடைசியில் போதகர் கொப்பி பார்க்க வருவார்.
வரட்டும்.